சொக்ஸுக்கு பேட்டர்ன் இருக்கு, சாரனுக்கு?

கல்முனைப் பக்கத்து வெயில் எப்படி என்று இதை வாசிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். சித்திரை மாத மத்தியானத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. அந்த வெயிலில், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, நான் மூன்று மாதமாக ஒரு சோடி சொக்ஸ் பின்னினேன். "இந்த மேச ஆருக்குப் புள்ள பின்னுற? கிறுக்கா ஒனக்கு?" என்று உம்மா கேட்டார். காக்கா கொரியாவில் வேலை செய்கிறார். அங்கே குளிருக்குள் நின்று வேலை பார்க்கிற ஆளுக்குத்தான் என்று சொன்ன பிறகு உம்மா பேசாமல் போய் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டில் பின்னல் புதுசில்லை. உம்மும்மா கொக்கி ஊசியால் தொப்பி பின்னுவார். ஆனால் நான் எடுத்தது வேறு. இரண்டு நிற பிரியோஷ் என்று அதற்குப் பெயர். கணுக்காலுக்கு மேலே தொடங்கி, குதி திருப்பி, கீழே விரல் நுனியில் முடிகிற சொக்ஸ். வட்ட ஊசியில் பின்னுவது.

அது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். சாதாரணப் பின்னலில் ஒரு சுற்றை ஒரு தடவை போனால் போதும். இதில் ஒவ்வொரு சுற்றையும் இரண்டு தடவை போகணும். முதல் தடவை வெள்ளை நூல். ஒரு கண்ணியைப் பின்னணும், அடுத்த கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி, அதன் தலையில் ஒரு சால்வை போட்டதுபோல நூலைப் போட்டுவிட்டு நகரணும். இரண்டாம் தடவை நீல நூல். போன தடவை விட்ட கண்ணியையும் அதன் தலையில் கிடக்கிற சால்வையையும் சேர்த்துப் பின்னணும், இந்தத் தடவை வெள்ளையை விடணும். இப்படியே போனால் வெளியே வெள்ளை வரிகள் எழும்பி நிற்கும், நீலம் பள்ளத்தில் கிடக்கும். சொக்ஸைப் புரட்டினால் நீலம் எழும்பும், வெள்ளை உள்ளே போகும். தடிப்பான, மெத்தென்ற பின்னல். குளிருக்கு நல்லது.

ஒரு கண்ணி தவறினால் சீவன் போய்விடும். சால்வையும் சேர்ந்து கழன்று வருவதால் எது கண்ணி, எது சால்வை என்று பிடிபடாது. நான் மூன்று தடவை முழுசாகக் கழற்றினேன். நாலாம் தடவைதான் பேட்டர்னில் எழுதியிருந்த புத்திமதியைக் கேட்டேன்: பத்துச் சுற்றுக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகளுக்குள்ளாலும் வேறு ஒரு நூலைக் கோர்த்து விடு, பிழைத்தால் அந்த இடம் மட்டும்தான் கழற்ற வேண்டி வரும். அதை உயிர்நூல் என்று சொல்லலாம். அந்த நூல் சொக்ஸின் பகுதி இல்லை. கடைசியில் உருவி எடுத்துவிடுவோம். ஆனால் அது இல்லாமல் என் சொக்ஸ் முடிந்திருக்காது.

இன்னொரு வில்லங்கம், எனக்கு இங்கே நல்ல கம்பளி நூல் கிடைக்கவில்லை. பருத்தி நூலில் பின்னினேன். பருத்திக்கு இழுபட்டுத் திரும்புகிற குணம் இல்லை, பிரியோஷ் பின்னலோ தானாகவே இழுபடுகிற சாதி. இரண்டும் சேர்ந்தால் சொக்ஸ் கணுக்காலில் சுருண்டு விழும். ஆகவே பேட்டர்ன் சொன்ன 56 கண்ணியை 48 ஆக்கினேன், ஊசியையும் ஒரு அளவு சின்னதாக்கினேன். குதியையும் பாதத்தையும் சாதாரணப் பின்னலாகவே விட்டேன், இல்லாவிட்டால் சப்பாத்துக்குள் கால் போகாது.

இதையெல்லாம் எனக்கு ஆர் சொல்லித் தந்தது? எங்கள் தெருவில் ஒருத்தரும் இல்லை. எழுதி வைத்த பேட்டர்ன்தான் சொல்லித் தந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஒரு பின்னல் எப்படி ஊர் தாண்டியது

பிரியோஷ் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவில் நெடுநாளாகப் பின்னப்பட்டு வந்தது. ஜேர்மன் மொழியில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் இன்னொன்று. ஒருவர் எழுதினது மற்றவருக்கு விளங்காது. நான்சி மார்ச்சண்ட் என்ற பெண், அமெரிக்காவில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்கிறவர், உட்கார்ந்து இதற்கென்று ஒரு ஒழுங்கான குறியீட்டு முறையை உருவாக்கினார். இந்த அசைவுக்கு இந்த எழுத்து, அந்த அசைவுக்கு அந்த எழுத்து என்று. புத்தகம் போட்டார், வகுப்பு எடுத்தார். இன்றைக்கு எந்த நாட்டில் எவர் இரண்டு நிற பிரியோஷுக்கு பேட்டர்ன் எழுதினாலும் பெரும்பாலும் அந்தக் குறியீட்டில்தான் எழுதுகிறார்கள்.

பின்னுகிறவர்களுக்கு 2007இல் தொடங்கின ராவல்றி என்ற தளம் இருக்கிறது. அங்கே பேட்டர்ன்களை இலவசமாகவும் தருவார்கள், காசுக்கும் விற்பார்கள். அங்கே விலைபோகிறது சொக்ஸ் இல்லை, சொக்ஸ் பின்னுகிற அறிவு. எழுதினவரின் பெயர் மேலே இருக்கும். நான் பின்னின சொக்ஸை எவர் பார்த்தாலும் இது இன்னாரின் பேட்டர்ன் என்றுதான் சொல்வேன். அது அங்கே ஒரு மரியாதை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வாப்பாவின் சாரன் ஞாபகம் வந்தது.

பிஸ்கட் டின்னுக்குள் இருந்த துண்டுகள்

வாப்பாவிடம் ஒரு பழைய கைத்தறிச் சாரன் இருக்கிறது. பச்சையும் நீலமும். அவருடைய வாப்பா உடுத்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் மயில்கழுத்து நிறம், கிட்டப் போனால்தான் இரண்டு நூல் என்று தெரியும். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். பிரியோஷில் இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நெசவில் ஒன்றுக்குள் ஒன்று போய் மூன்றாவது நிறமாகிவிடும்.

சாய்ந்தமருதில் இருந்து மருதமுனைக்கு எவ்வளவு தூரம்? கல்முனை, பாண்டிருப்பு தாண்டினால் மருதமுனை. ஓட்டோவில் கால் மணித்தியாலம். ஆம்ஸ்டர்டாம்காரி சொன்னதைக் கேட்டு சொக்ஸ் பின்னின நான், அந்தக் கால் மணித்தியாலத் தூரத்துக்கு ஒருநாளும் இதற்காகப் போனதில்லை. போன ஆண்டு சாரனையும் எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு தறி வீட்டுக்குப் போனேன்.

அந்த மாமாவுக்கு எழுபது வயசுக்கு மேல். சாரனை வாங்கி, கண்ணாடியைக் கூடப் போடாமல், ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். "இது எங்கட ஊர் நெசவுதான் மகள். நூல் நல்ல நூல். இப்ப இந்த நூலுக்கு எங்க போற?"

"மாமா, இத எப்படி நெய்யிறெண்டு எங்கயாவது எழுதி வெச்சிரிக்கீங்களா?"

சிரித்தார். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். அதற்குள் துணித் துண்டுகள். நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம். கட்டம், கோடு, கரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் நெய்தது. "ஆரும் இந்த மாதிரி வேணுமெண்டா இதப் பாத்து இழை எண்ணுவன். மத்ததெல்லாம் கை செய்யும்."

அந்த "மத்ததெல்லாம்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அரை நாள் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு விளங்கின மட்டில் சொல்கிறேன்.

நூல் கழியாக வரும். அதைக் கழுவி, சாயம் போட்டு, காயவைத்து, சுற்றி எடுக்கணும். எந்த நிறம் எத்தனை இழை என்ற கணக்கில் பாவு ஓடணும். ஒரு அங்குலத்துக்கு 60 இழை என்று வைத்தால், 48 அங்குல அகலத்துக்கு 2880 இழை. என் சொக்ஸில் 48 கண்ணி, அதில் ஒன்று தவறினதுக்கே நான் அழுதேன். இங்கே ஒரு இழை மாறினால் அந்தக் கோடு பாவு முடியும்வரை பிழையாகவே ஓடும். பிறகு பாவுக்குக் கஞ்சி. மெல்லிசானால் இழை பிசிறும், தடிச்சால் ஒன்றோடொன்று ஒட்டும். மழைக்காலக் கஞ்சி வேறு, வெயில்காலக் கஞ்சி வேறு. பிறகு ஒவ்வொரு இழையாக விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் கோர்க்கணும். ஊடு நூலைத் தாரில் சுற்றணும், அது அநேகமாக வீட்டுப் பெண்களின் வேலை, கூலிக் கணக்கில் வராத வேலை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மிதியில் கால் வைத்து நாடாவை அனுப்புகிற வேலை. நாம் படம் பிடித்து முகநூலில் போடுவது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான்.

துணித் துண்டில் இழை எண்ணலாம். ஆனால் கஞ்சியின் பதம் அதில் இல்லை. சாயத்தின் அளவு இல்லை. பாவை எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது இல்லை. அவருடைய பெயரும் இல்லை.

வெளிக்கிடும்போது அவர் கேட்டார்: "எழுதித் தந்தா நீ நெய்வியா மகள்?"

நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில், கொஞ்சம் பிந்தின பதில்.

"இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்ற பேச்சு

உண்மையைச் சொல்கிறேன், நான் நெய்ய மாட்டேன். அவருடைய பிள்ளைகளும் நெய்யவில்லை. மகன் கட்டாரில், மகள் டீச்சர். "அவங்க ஏன் இதுக்குள்ள வரணும்?" என்று அவரே கேட்டார்.

கைத்தறி பற்றிய கூட்டங்களில், பரிசளிப்புகளில், ஒரு வசனம் தவறாமல் வரும். பாரம்பரியத் தொழிலைக் காக்க இளைஞர்கள் முன்வர வேண்டும். எனக்கு இந்த வசனத்தில் கோபம் உண்டு. முன்வராதது இளைஞர்களின் சோம்பலால் என்பது மாதிரி அது ஒலிக்கிறது.

நடந்தது அப்படி இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வெளிநாட்டுத் துணி வராததால் நாட்டில் நெய்த துணிக்குக் கேள்வி இருந்தது, தறிகளுக்கு ஓய்வு இருக்கவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான துணி கப்பலில் வந்து இறங்கியது. நாடு முழுக்கக் கைத்தறி சரிந்தது, மருதமுனையும் அதில் ஒன்று. 2004 டிசம்பர் 26 கடல் வந்தது. எத்தனை வீட்டில் மையித்து எடுத்தார்கள் என்று நம் கரையோரத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளோடு தறிகளும் போயின. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவைத் தொட்டது. நூலும் சாயமும் வெளியில் இருந்து வருகிறவை. விலை ஏறியது, கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை.

இவ்வளவையும் தாண்டி இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது என்றால் அது நெய்கிறவர்களின் பிடிவாதம். இதற்குள் தன் பிள்ளையைத் தள்ள விரும்பாத வாப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே "எல்லாரும் நெய்யுங்க" என்று நான் எழுதப் போவதில்லை.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். நெய்ய வராதவர்கள் எழுதவாவது வரலாம். நமக்கு டைப் பண்ணத் தெரியும், எண்ணத் தெரியும், படம் எடுக்கத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும். ஒரு தறி நின்றுபோவதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். அதில் நெய்த சாரனை இன்னொரு நாள், இன்னொருவர், இன்னொரு தறியில் நெய்யக்கூடிய மாதிரி எழுதி வைப்பது நம்மால் முடியும். கைத்தறி பற்றிச் செய்திகள் இருக்கின்றன, பேட்டிகள் இருக்கின்றன, அழகான படங்கள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு பேட்டியை வைத்து ஒரு சாரனை நெய்ய முடியாது. பேட்டர்னை வைத்துத்தான் நெய்யலாம்.

கடல் வந்த அன்றைக்கு எனக்கு விபரம் தெரியாத வயசு. அன்று போனவர்களோடு எத்தனை கரை, எத்தனை கட்டம், எத்தனை சாயக் கணக்குப் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தலைக்குள் மட்டும் இருந்ததெல்லாம் ஆளோடு போய்விடும்.

வருகிற கேள்விகள்

இதைச் சிநேகிதிகளிடம் சொன்னபோது மூன்று கேள்வி வந்தது. மூன்றும் நியாயமானவை.

முதலாவது: கைப்பழக்கத்தை எழுத முடியுமா? முழுசாக முடியாது. நானும் பேட்டர்னை வாசித்து மட்டும் பின்னவில்லை, யூடியூபில் கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தேன். ஆனால் முழுசாக எழுத முடியாது என்பதற்காக ஒன்றுமே எழுதாமல் விடுவது என்ன நியாயம்? காஷ்மீரைப் பாருங்கள். அங்கே கம்பளமும் கானி சால்வையும் நெய்கிறவர்கள் நெடுங்காலமாக ஒரு குறியீட்டு எழுத்து வைத்திருக்கிறார்கள். எந்த நிறம், எத்தனை இழை என்று சுருக்கெழுத்து மாதிரித் தாளில் எழுதியிருக்கும். ஒருவர் அதைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், நெய்கிறவர்கள் அதைக் கேட்டு நெய்வார்கள். அந்த எழுத்துக்குப் பெயர் தஃலீம். நமக்குப் பழகின சொல்தான், கற்பித்தல் என்று அர்த்தம். தறிக்கும் தஃலீம் உண்டு என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. வரைந்தவர் ஒருவர், குறியீடாக எழுதினவர் இன்னொருவர், நெய்கிறவர் வேறொருவர் என்று வேலையைப் பிரிக்க முடிந்தது அந்தத் தாளால்தான்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது, அதுவும் சொக்ஸ்தான். உலகத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய உண்மையான பின்னல்களில் சில, எகிப்தில் இஸ்லாமிய ஆட்சிக் காலத்துப் பருத்திச் சொக்ஸ்கள். வெள்ளையும் நீலமும், இரண்டு நிறம். ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டில் இருந்து 14ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை. கூஃபி எழுத்தை அலங்காரமாகப் பின்னினவையும் அவற்றில் உண்டு. ஐரோப்பாவின் நூதனசாலைகளிலும் அமெரிக்காவின் நூதனசாலைகளிலும் இன்றைக்கு அவை கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஸ்பெயினில் 1275இல் இறந்த ஒரு கிறிஸ்தவ இளவரசனின் கல்லறையில் கிடைத்த பின்னல் தலையணை உறையிலும் கூஃபி எழுத்து இருக்கிறது. முஸ்லிம் பின்னல்காரர்களின் வேலை அது என்று சொல்கிறார்கள். எவ்வளவு பெரிய கைவேலை! ஆனால் பின்னினவர் ஆர் என்று தெரியாது. எங்கே தொடங்கினார், குதியை எப்போது வைத்தார் என்பதை ஆய்வாளர்கள் துண்டுகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பொருள் தப்பினது, செய்த விதம் தப்பவில்லை. மாமாவின் பிஸ்கட் டின்னும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசம், மாமா இன்னும் நம்மோடு இருக்கிறார், கேட்டால் சொல்வார்.

இரண்டாவது கேள்வியை மாமாவே கேட்டார்: "எழுதிக் குடுத்தா நாளைக்கு மெசின்ல அடிச்சிப்போட்டு மருதமுனைச் சாரன் எண்டு விப்பானுகள்." இதுதான் கனமான கேள்வி. இதற்கு நான் இப்படி யோசிக்கிறேன். விசைத்தறிக்காரனுக்கு எழுத்துத் தேவையில்லை. கடையில் ஒரு சாரன் வாங்கினால் போதும், கட்டத்தைக் கொம்பியூட்டரில் போட்டு அடித்துவிடுவான். எழுதாமல் இருப்பது அவனைத் தடுக்காது. ஆனால் எழுதாமல் இருப்பது நம்மைத் தடுக்கும். ஏனென்றால் "இது எங்களுடையது" என்று சட்டத்துக்கு முன்னால் நிற்பதற்கும் எழுத்துத்தான் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புவியியல் குறியீடு என்ற பாதுகாப்பு இருக்கிறது. குறிப்பிட்ட ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே பாவிக்கலாம் என்பது அதன் சாரம். இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. கறுவா எங்களுடையது என்று சத்தம் போட்டதால் கிடைக்கவில்லை. எந்த மரம், எப்படிப் பட்டை உரிப்பது, எப்படிச் சுருட்டுவது, அந்த மண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் விபரமாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மருதமுனைச் சாரனுக்கு அப்படி ஒரு விண்ணப்பம் போட நாளைக்கு ஒருவர் வந்தால், கையில் என்ன தாள் இருக்கும்?

நம் நாட்டுக்குள்ளேயே தும்பரைப் பாய் இருக்கிறது, கண்டிப் பக்கம் நெய்வது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் அந்த நாட்டு நெசவையும் எழுதி வைத்தார். 2021இல் தும்பரைப் பாய் நெசவு யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. ஒரு புத்தகத்தால் மட்டும் அது நடக்கவில்லை, பட்டியலில் சேர்வதால் மட்டும் நெய்கிறவருக்குச் சோறு வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எழுத்து இல்லாதவர்கள் அந்த வாசல்வரைகூடப் போக முடியாது.

எல்லாவற்றையும் பொதுவில் போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எதைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதை நெய்தவர் முடிவு செய்யட்டும். சாயக் கணக்கைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்திருக்கலாம். கட்டக் கணக்கை விற்கலாம். உலகத்தில் பொழுதுபோக்குக்கு வீட்டில் தறி வைத்திருக்கிற ஆட்கள் நிறைய, அவர்கள் காசு கொடுத்து நெசவு பேட்டர்ன் வாங்குகிறார்கள். ஒரு சொக்ஸ் பேட்டர்னுக்கு விலை இருக்கிறபோது ஒரு சாரன் பேட்டர்னுக்கு ஏன் இருக்கக் கூடாது?

மூன்றாவது கேள்வி: நெய்ய ஆளில்லாதபோது எழுதி என்ன பிரயோசனம்? இதற்கு என் சொக்ஸே பதில். இந்த பிரியோஷை எழுதினவர்கள், கல்முனைப் பக்கத்தில் ஒருத்தி பருத்தி நூலில் இதைப் பின்னுவாள் என்று நினைத்தா எழுதினார்கள்? எவர் வருவார் என்று தெரியாமல்தான் எழுதினார்கள். நான் வந்தேன்.

ஒரு தாளில் என்ன இருக்க வேணும்

சும்மா "ஆவணப்படுத்துவோம்" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுத வேண்டும் என்று நான் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்.

மேலே நெய்தவரின் பெயர், அவர் விரும்பினால். தார் சுற்றின பெண்ணின் பெயரும் அவர் விரும்பினால். அவர்களுடைய சம்மதம். எந்தக் காலத்து நெசவு. நூலின் இலக்கம், ஒற்றையா முறுக்கினதா. ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை, மொத்தம் எத்தனை. இடப்பக்கக் கரையில் இருந்து வலப்பக்கக் கரைவரை நிறம் நிறமாக இழைக் கணக்கு. இதைத் துணித் துண்டை வைத்துப் பூதக்கண்ணாடியால் எண்ணலாம், பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். விழுதில் கோர்க்கிற ஒழுங்கு. மிதி மிதிக்கிற ஒழுங்கு. ஊடு நிறம் மாறுகிற ஒழுங்கு. கஞ்சிக்கு என்ன, எவ்வளவு, எந்தப் பதம். சாயக் கணக்கு, தரச் சம்மதித்தால். ஒரு சாரனுக்கு எத்தனை மணித்தியாலம் போனது, எவ்வளவு கூலி கிடைத்தது. இந்தக் கடைசி இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பின்னால் வருகிறவர் இதைப் பார்த்துத்தான் ஏன் பிள்ளைகள் நெய்ய வரவில்லை என்று விளங்கிக்கொள்வார்.

அதோடு சொற்கள். அவர்கள் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர் சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதுங்கள், புத்தகத் தமிழுக்குத் திருத்த வேண்டாம். கடைசியாக, கைகளின் வீடியோ. முகம் வேண்டாம் என்றால் வேண்டாம், கை போதும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. நான் அரை நாள் கேள்வி கேட்டேன் என்று பெருமையாக எழுதினேனே, அந்த அரை நாள் மாமாவின் நெசவு நின்றது. அந்தக் கூலி போனது. நான் ஒரு பக்கற் பிஸ்கட் கொண்டு போனேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. பேட்டி எடுக்கப் போகிற நம் எல்லாருக்கும் இது பொருந்தும். அறிவைக் கேட்கப் போனால் அந்த நாளின் கூலியைக் கையில் கொண்டு போக வேண்டும். நாலு பேர் காசு போட்டால் முடியாத காரியம் இல்லை.

வைப்பதற்கும் இடம் இருக்கிறது. 2005 முதல் நூலகம் இணையத்தளம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்துகளைச் சேர்த்து வைக்கிறது, சஞ்சிகை முதல் கல்யாண அழைப்பிதழ் போன்ற சின்னத் தாள்களின் பெறுமதியையும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகள் பட்டத்துக்கு ஆய்வுத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். ஒரு ஆள் ஒரு சாரனை எழுதினால் போதும்.

எழுத்து என்பது நம் கரையோரத்துக்குப் புதுசா? மருதமுனை புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனின் ஊர். மருதூர்க் கொத்தனும் மருதூர்க்கனியும் ஊரின் பெயரையே தங்கள் பெயரில் சுமந்து கதையும் கவிதையும் எழுதினார்கள். பக்கத்தில் கல்முனைக்குடி, எம்.ஏ. நுஃமானின் ஊர். இவ்வளவு எழுதின மண்ணில், தறியின் கணக்கு மட்டும் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. தறியில் இருந்தவருக்கு எழுத நேரமில்லை, எழுதினவருக்குத் தறியின் கணக்கு எழுதத் தகுந்த இலக்கியமாகத் தோன்றவில்லை போலும். எனக்குத் தோன்றுகிறது.

காக்காவுக்குச் சொக்ஸ் போய்ச் சேர்ந்தது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். வலது கால் சரி, இடது கால் கொஞ்சம் சுருண்டு விழுகிறதாம். "ஆனா சூடா இரிக்கி" என்றார். கூட வேலை செய்கிற நேபாளப் பையன் ஒருவன் எங்கே வாங்கினது என்று கேட்டானாம். பேட்டர்னை அனுப்பி வைத்தேன், என் 48 கண்ணித் திருத்தத்தோடு.

வாப்பாவின் சாரனை நான் எண்ணத் தொடங்கியிருக்கிறேன். இடக் கரையில் இருந்து நாலு அங்குலம் முடிந்திருக்கிறது. கஞ்சிக் கணக்குக் கேட்க அடுத்த கிழமை மருதமுனைக்குப் போறேன், இந்த முறை கூலியோடு. உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு சாரனோ சேலையோ கிடந்தால், நெய்தவர் உயிரோடு இருந்தால், விலாசம் தெரிந்தால், இந்த நோன்புக்கு முன் ஒருக்கால் போய்ப் பாருங்கள்.